கதவைத் தாண்டினால் வலது கைப்பக்கம்

ரோட்டர்டாமில் நான் தினமும் ஏறும் டிராமில், அடுத்த நிறுத்தத்தின் பெயரை ஒரு பெண் குரல் மெதுவாக ஒரே ஒரு முறை சொல்லும். வடலூர் பேருந்து நிலையத்தில் அதே வேலையை ஐந்தாறு கண்டக்டர்கள் ஒரே நேரத்தில் செய்கிறார்கள். "நெய்வேலி நெய்வேலி நெய்வேலி" என்று ஒருவர். "பண்ருட்டி கடலூரு" என்று இன்னொருவர். பெட்டியை இழுத்துக்கொண்டு அந்தச் சத்தத்துக்குள் இறங்கியபோது எனக்கு ஆறுதலாகவே இருந்தது. எங்கே போகிறோம் என்பதை ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும் ஊரில்தான் அப்பா இருக்கிறார்.

அப்பாவுக்கு வந்திருப்பது மறதி நோயின் ஆரம்பக் கட்டம் என்று டாக்டர் சொல்லி ஓராண்டு ஆகியிருந்தது. அம்மா போனில் அதைக் 'கொஞ்சம் மறதி' என்றே சொல்லிவந்தார். அந்த மே மாதம்தான் முதல்முறையாக, "என்னால ஆவலடி வாணி" என்றார். நான் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தேன். திரும்புவதற்குள் ஒன்றை முடிவு செய்தாக வேண்டும்: அப்பா வீட்டிலேயே இருப்பதா, பாண்டிச்சேரியில் இப்படிப்பட்டவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஓர் இல்லத்தில் சேர்ப்பதா. அங்கே ஓர் இடம் காலியாக இருந்தது. நான் பதில் சொல்லும்வரை வைத்திருப்பதாக ஒத்துக்கொண்டிருந்தார்கள்.

பட்டியல் போடாமல் நான் பெட்டி கட்டுவதில்லை. இந்த முறை அதில் இருந்தவை: கதவு திறந்தால் ஒலிக்கும் சிறு மணி, இருட்டில் ஒளிரும் ஒட்டுப்பட்டை, 'கழிப்பறை', 'சமையலறை' என்று பெரிய எழுத்தில் அச்சிட்ட அட்டைகள், அப்பாவுக்குப் பிடித்த வெண்ணெய் பிஸ்கட். முதல் நாள் பயன்பட்டது பிஸ்கட் மட்டும்தான்.

"வாணிம்மா, பிளேன்ல சோறு போட்டாங்களா?" என்று வாசலிலேயே கேட்டார் அப்பா. என்னை அடையாளம் தெரிந்துவிட்டதில் எனக்கு அப்படி ஒரு நிம்மதி. "போட்டாங்கப்பா" என்றேன். கொஞ்ச நேரத்தில் அதையே கேட்டார். பிறகு மறுபடியும். அடுத்த முறை கேட்டபோது, "போடலப்பா" என்று சொல்லிப் பார்த்தேன். எழுந்து போய் ஒரு தட்டு நிறையப் பலாச்சுளை கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அதன்பின் அன்று அந்தக் கேள்வி வரவில்லை.

"இத்தினி நாளா நானும் 'சாப்டாச்சு சாப்டாச்சு'ன்னு சொல்லிகினே இருந்தேன் பாரு" என்றார் அம்மா.

அப்பா நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டைப் பார்த்துக்கொள்ளும் பிரிவில் வேலை செய்தவர். நான் பிறந்தது முதல் நாங்கள் இருந்தது டவுன்ஷிப்பில் ஒரே குவார்ட்டர்ஸில். ஓய்வு பெற்றதும் அதைக் காலி செய்துவிட்டு வடலூரில் வீடு கட்டினார். மேஸ்திரியிடம் அவர் போட்ட ஒரே நிபந்தனை, எதுவும் குவார்ட்டர்ஸ் மாதிரி இருக்கக் கூடாது என்பது. அங்கே சுவிட்ச் வலப்பக்கமா? இங்கே இடப்பக்கம். அங்கே குளியலறையும் கழிப்பறையும் பின்கட்டிலா? இங்கே படுக்கையறையோடு. அங்கே சிமெண்டுத் தரையா? இங்கே முகம் தெரியும் டைல்ஸ். கிரகப்பிரவேசத்தன்று வந்தவர்களை ஒவ்வோர் அறையாக அழைத்துப்போய்க் காட்டினார். இப்போது அந்த வீட்டில் அவருக்குக் கழிப்பறை எங்கே என்று தெரியவில்லை.

அந்த ஆண்டு தமிழ்நாடு முழுக்க மின்வெட்டு. வடலூரில் மாடிக்குப் போனால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும். அவை தெரியும் வீட்டில் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டு சாப்பிடுவோம். நான் வந்த அன்று மாலையும் கரண்ட் போனது. அப்பா சட்டென்று எழுந்தார். சுவரைத் தடவினார். அவர் தடவிய சுவரில் ஒன்றுமே இல்லை. மறுபக்கம் வந்து தடவினார். கிடைத்த சுவிட்சைப் போட்டார், வெளிச்சம் வரவில்லை.

"யாரு வூடு இது?" என்றார்.

"நம்ம வூடுதாங்க" என்றார் அம்மா.

"நம்ம வூடுன்னா லைட்டு எரியும். எழுந்திரு, போவலாம். வூட்டுக்காரங்க வந்துடப் போறாங்க."

அவர் சொன்னதில் தர்க்கப் பிழை எதுவும் இல்லை. டவுன்ஷிப்பில் நாங்கள் இருந்த காலத்தில் கரண்ட் போனதாக எனக்கும் நினைவில்லை. விளக்கு எரியாவிட்டால் அது அவர் வீடாக இருக்க முடியாது. கரண்ட் வரும்வரை அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார். அந்தக் கை கதவுப் பக்கமே இழுத்தது.

மறுநாள் காலை அப்பாவைக் கடைத்தெருவுக்கு அழைத்துப்போனேன். நான் ஒரு கடையில் முந்திரிப்பருப்புக்கு விலை கேட்டுவிட்டுத் திரும்புவதற்குள் ஆளைக் காணோம். நெய்வேலி பஸ் ஒன்று நகர்ந்துகொண்டிருந்தது. அதன் ஜன்னலோரம் அப்பாவின் நரைத்த தலை. நான் ஓடினேன். பஸ் நிற்கவில்லை. ஷேர் ஆட்டோ ஒன்றில் ஏறி, "முன்னால போற பஸ்ஸை விடாதீங்க" என்றேன். "சினிமாவுலதாம்மா இப்டிச் சொல்லுவாங்க" என்றார் ஓட்டுநர். ஆனால் விடவில்லை. டவுன்ஷிப் ஆர்ச்சுக்கு முன் பஸ் நின்றபோது தாவி ஏறிக்கொண்டேன்.

"உங்க அப்பாருங்களா?" என்று கண்டக்டர் கேட்டார். "பயப்படாதீங்க. அவரு டெய்லி சர்வீஸு. இவரு எறங்கற எடத்த நாங்க கூவவே வேணாம். அவரே சொல்லுவாரு பாருங்க."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். மகளைப் பார்த்த சிரிப்பா, சக பயணியைப் பார்த்த சிரிப்பா என்று சொல்ல முடியவில்லை. கொஞ்ச தூரம் போனதும், "ஸ்டாப்பிங்" என்றார். சரியான இடம்.

நான் அவர் முன்னால் போகாமல் பின்னாலேயே நடந்தேன். டவுன்ஷிப்பைத் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அங்கே எல்லாத் தெருவும் ஒரே தெரு மாதிரி இருக்கும். இரண்டு பக்கமும் மரம், மரத்துக்குப் பின்னால் வேலி, வேலிக்குப் பின்னால் ஒரே அச்சில் வார்த்த வீடுகள். சின்ன வயதில் நானே வேறொரு பிளாக்கில் வேறொருவர் வீட்டுக்குள் நுழைந்து பாவாடையை மாற்றப் போனவள். புதிதாக வரும் விருந்தாளிகள் கட்டாயம் தொலைவார்கள். வடலூரில் சொந்த வீட்டுக்குள் தொலைந்துபோகிற அப்பா, இங்கே எந்தத் திருப்பத்திலும் நிற்கவில்லை. எதிரே சைக்கிளில் வந்தவருக்குக் கை காட்டினார். காய்ந்த சருகு மேல் நடக்காமல் ஒதுங்கினார். மூன்றாவது திருப்பத்தில் வேகம் குறைந்தது. வீடு நெருங்கும்போது எல்லோருக்கும் குறையுமே, அப்படி.

எங்கள் பழைய குவார்ட்டர்ஸ். கொடியில் யாருடைய துணிகளோ. அப்பா கிரில் கதவின் கொக்கியைத் தூக்கினார்; அது கொஞ்சம் மேலே தூக்கி இழுத்தால்தான் வரும், அப்படியே இழுத்தார். செருப்பை இடப்பக்கம் விட்டார். உள்ளே போனார். கதவைத் தாண்டியதும், பார்க்காமல், நடையை நிறுத்தாமல், வலது கையைப் பக்கவாட்டில் நீட்டினார். டக் என்றது. வெளிச்சம்.

நான் துறைமுகக் கிரேன்களின் கட்டுப்பாட்டு அறைகளை வடிவமைக்கிறவள். எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும் என்று கூட்டம் போட்டுப் பேசி அதற்குச் சம்பளம் வாங்குகிறேன். ஒரு கை தன் பொத்தானை அடைவதை அவ்வளவு அழகாக நான் பார்த்ததே இல்லை. வேலிக்கு வெளியே, வெயிலில், அப்படியே நின்றேன்.

உள்ளிருந்து ஒரு பெண் குரல் கேட்டது: "வந்துட்டீங்களா அத்தா? உக்காருங்க. இன்னிக்கு அடுப்பைத் தொடக் கூடாது, சொல்லிட்டேன்."

அவர் பெயர் நூர்ஜஹான். என் வயதுதான் இருக்கும். கணவர் சுரங்கத்தில் பெர்மனண்ட். அன்று செகண்ட் ஷிஃப்ட் என்பதால் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொன்னதும் முதலில் அவர் கேட்டது, "நீங்கதான் வெளிநாட்டுல இருக்கறதா?" இரண்டாவது, "ஏன் இவ்வளவு நாள் வரல?"

பதில் சொல்ல முடியாத கேள்வியை டவுன்ஷிப் பெண்கள் தண்ணீர் கொடுத்துக்கொண்டே கேட்பார்கள். குடித்தேன்.

"மொத தடவை வந்தப்ப கத்திட்டேன்" என்றார். "அவர் பாட்டுக்கு வந்து, லைட்டைப் போட்டு, 'டீ இருக்கா'ன்னு கேக்கறார். அப்புறம் பழகிடுச்சு. எங்க அத்தா இருந்தா இந்த வயசுதான். டீ குடிச்சுட்டு அவரே கெளம்பிடுவார். ஆனா போன வாரம் நான் பின்னாடி துணி காயப்போடப் போயிருந்தேன். இவர் அடுப்பைப் பத்தவச்சு பாலை ஏத்திட்டு அப்படியே போயிட்டார். பாத்திரம் கருகிப் போச்சு. சிலிண்டர் பக்கத்துலதான் இருக்கு. உள்ள படுத்திருந்த என் வீட்டுக்காரர் எழுந்து பாக்கலைன்னா என்ன ஆயிருக்கும்?"

"செக்யூரிட்டிகிட்ட சொல்லிடப் போறேன்" என்று உள்ளறையிலிருந்து கணவரின் குரல் வந்தது. தூங்கவில்லை போலும்.

"சொல்ல மாட்டார்" என்றார் நூர்ஜஹான், குரலைத் தாழ்த்தாமல். "ஆனா அக்கா, நானும் எத்தனை நாளைக்குக் கதவையே பாத்துட்டு இருக்கறது? நீங்க ஒரு வழி பண்ணணும்."

அப்பா டீயை ஊதி ஊதிக் குடித்தார். "நீங்க எந்த பிளாக்கு?" என்று நூர்ஜஹானிடம் கேட்டார். டவுன்ஷிப்பில் முன்பின் தெரியாதவர்கள் சந்தித்தால் முதல் கேள்வி அதுதான். எந்த மாவட்டத்திலிருந்தோ வந்து சேர்ந்த மனிதர்களுக்கு சொந்த ஊரைவிட, பேரைவிட, பிளாக் நம்பர்தான் அறிமுகம்.

"இதே பிளாக்குதாங்க அத்தா" என்றார் அவர்.

"அப்ப நல்லதாப் போச்சு."

அன்று வீடு திரும்பியதும் அம்மாவிடம் கேட்டேன், வீட்டை ஏன் பூட்டிவைக்கவில்லை என்று. ஒரு நாள் பூட்டினாராம். அப்பா கதவை அடிக்கவில்லை, திட்டவில்லை. பூட்டின் முன்னால் கைகட்டி நின்று, "சார், ஷிஃப்ட் முடிஞ்சிருச்சு சார்" என்று மத்தியானம்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம். "அதுக்கப்பறம் நான் பூட்டல. நீ எனக்கு மணி மாட்டிக் குடு, அட்டை ஒட்டிக் குடு. பூட்டச் சொல்லாத" என்றார் அம்மா.

அட்டைகளை ஒட்டினேன். அப்பா ஒவ்வொன்றையும் உரக்கப் படித்தார். "கழிப்பறை" என்று திருத்தமாகப் படித்துவிட்டு, துணி அலமாரியைத் திறந்தார்.

அடுத்த நாள் மதியம் மூவரும் சபையின் தருமசாலைக்குப் போய் அன்னதானச் சாப்பாடு சாப்பிட்டோம். வடலூர்க்காரர்களுக்கு அது விசேஷமில்லை. எனக்கு ஒவ்வொரு முறையும் விசேஷம். அணையாத அடுப்பு, வரிசையாகத் தரையில் மனிதர்கள், இலையில் சோறும் சாம்பாரும். ரோட்டர்டாமில் என் மதிய உணவு, கணினி முன்னால், ஈரமான ரொட்டிக்கு நடுவே ஒரு வில்லை சீஸ். இங்கே என் பக்கத்தில் ஒரு சாமியார், அவருக்குப் பக்கத்தில் லாரி கிளீனர் ஒருவர். யாரையும் யாரென்று கேட்பதில்லை. அப்பா தயக்கமே இல்லாமல் சாப்பிட்டார். நான் அவருடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சோற்றில் குழி பறித்து, சாம்பார் ஓடாமல் கரை கட்டி, பிசைந்து, வாய்க்கு. அந்தக் கை எதையும் மறந்திருக்கவில்லை. தனக்குத் தெரிந்த இடத்தில் தேடுகிறது. நாங்கள்தான் இடத்தை மாற்றிவிட்டோம்.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. கிரேனில் எத்தனை புதுமை செய்தாலும், அவசர நிறுத்தப் பொத்தானை மட்டும் இடம் மாற்றக் கூடாது. ஆபத்தில் தலை யோசிக்காது. கை மட்டும் போகும். இதை எத்தனையோ பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். அது என் அப்பாவைப் பற்றியதும்தான் என்று, கை கழுவும் குழாயடியில்தான் உறைத்தது.

அடுத்த நாள் காலை அளவு நாடாவுடன் நூர்ஜஹான் வீட்டு வாசலில் நின்றேன். விஷயத்தைச் சொன்னேன். சிரித்தார். பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டு நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

"அளந்துக்கோங்க. ஆனா என் சிங்க்ல கிடக்கற பாத்திரத்தை எல்லாம் எழுதிட்டுப் போயிடாதீங்க."

சுவிட்ச் உயரம். கதவு நிலையிலிருந்து அதன் தூரம். தண்ணீர்க் குடத்தின் மேடை. கட்டில் எந்த ஜன்னலைப் பார்த்துக் கிடந்தது என்பதைத் தரையில் இருந்த கால் தழும்புகளே காட்டின. பின்கதவிலிருந்து கழிப்பறைவரை சிமெண்டுத் தடம். சுவரில் ஓர் ஆணி. அதில் இப்போது நூர்ஜஹானின் கணவருடைய டூட்டிப் பை தொங்கியது. அப்பா அடித்த ஆணி. அதை அடித்தபோது நான் சுத்தியலை எடுத்துக் கொடுத்தது ஞாபகம் வந்தது.

"அது எங்களுது" என்றேன்.

"தெரியும். நாங்க வந்தப்பவே இருந்துச்சு. பையை மாட்ட அதைவிட நல்ல இடம் இந்த வீட்ல இல்லக்கா" என்றார். நாடாவைச் சுருட்டிக்கொண்டே, "என் வீட்டுக்காரர் ரிட்டயர் ஆனதும் நானும் உங்களைத்தான் கூப்பிடுவேன். டேப்போட வந்துருங்க" என்றார். இருவருமே சிரித்தோம். கொஞ்சம் அதிகமாகவே.

வேலைக்கு வந்த எலக்ட்ரீஷியன் ஏழுமலை கம்மாபுரம் பக்கத்துக்காரர். முப்பது வயதுக்காரர். கறிவேப்பிலைக் காம்பு மாதிரி உடம்பு, நிற்காத வாய். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எல்லாமே புத்தம் புதுசா இருக்குதேங்க. எத மாத்தணும்?" என்றார்.

"எல்லாத்தையும் வலப்பக்கத்துக்கு மாத்தணும். பழைய மாதிரி."

"பழசத் தூக்கிப் போட்டுட்டு புதுசு கேப்பாங்க. நீங்க புதுசக் கழட்டிட்டு பழசு கேக்கறீங்க. வெளிநாட்டுல இதான் இப்ப பேஷனா?"

எனக்கு வேண்டியது டக் என்று சத்தம் போடும் பழைய கறுப்பு சுவிட்ச். கடைகளில் இல்லை. ஏழுமலை யோசித்தார். "எங்க மாமன் மூட்டையா கட்டி வச்சிகினு இருக்கிறான். மைன்ஸுக்கு எடுத்த ஊருங்கள்ள வூடு இடிக்கசொல்ல கழட்டினது. வாங்க, போய்ப் பாக்கலாம்."

அவருடைய பைக்கின் பின்னால் உட்கார்ந்து போனேன். வழியில் டயர் பஞ்சர். ஒட்டுவதற்கு ஆள் தேடிக்கொண்டே தள்ளிப்போன இடத்தில் சாலை கொஞ்சம் உயர்ந்தது. ஏழுமலை கை காட்டினார். சுரங்கம்.

பள்ளி நாட்களில் சுற்றுலாவாகப் பார்த்ததுதான். அப்போது அது பெரிய பள்ளம், அவ்வளவுதான். இப்போது நின்றுவிட்டேன். படிப்படியாக இறங்கும் மண் அடுக்குகள். மேலே சிவப்பு, அதற்குக் கீழே வெளுத்த மஞ்சள், சாம்பல். அடியிலும் அடியில், ஈரமாக மினுங்கும் கறுப்பு. தொலைவில் மண்ணை வெட்டி எடுக்கும் ராட்சதச் சக்கரம் சுற்றுவது தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தது. அதிலிருந்து மைல் கணக்கில் கன்வேயர் பெல்ட், ஓடுவது தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பெல்ட்டின் ஓரத்தில், மழையிலும் வெயிலிலும் நடந்து, அது நின்றுபோனால் எங்கே நின்றது என்று பார்ப்பதுதான் அப்பாவின் வேலை. இத்தனை பெரிய ஒன்றுக்குள் தினமும் போய்விட்டு, மாலையில் அந்தச் சின்ன கிரில் கதவின் கொக்கியைத் தூக்கியிருக்கிறார்.

"எங்க அத்தை வூடு அங்கதான் இருந்துச்சு" என்றார் ஏழுமலை.

"எங்கே?"

"அந்தா, கீழ நீலமா தண்ணி நிக்குதுல்ல. அதுக்கு நேர் மேல." விரலை உயர்த்தி எங்கள் கண்மட்டத்தில், வெறும் வானத்தில் ஓர் இடத்தைக் காட்டினார். "இந்த ஒசரத்துல. இப்ப அங்க காத்துதான் இருக்குது."

நான் அந்தக் காற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பருந்து அதன் வழியாகப் போனது.

"எங்க ஊரையும் எடுக்கப் போறாங்கன்றாங்க" என்றார், பைக்கைத் தள்ளிக்கொண்டே. "நாங்க வூட்டையே உட்டுட்டு எங்க போறதுன்னு நிக்கிறோம். நீங்க சுச்சி ரெண்டடி தள்ளிப் போச்சின்னு பிளேன் புடிச்சி வந்துகினு இருக்கீங்க." கேலிதான். ஆனால் மாமன் வீட்டில் மூட்டையைப் பிரித்து, ஒவ்வொரு சுவிட்சாகக் காதருகே வைத்துத் தட்டிப் பார்த்தது அவர்தான். எந்தெந்த வீட்டுச் சுவரில் இருந்தவையோ, நல்ல சத்தம் உள்ளவையாகத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார்.

வேலை முடிந்தது. கட்டிலைத் திருப்பிப் போட்டோம். ஆணி அடித்தோம், அதில் அப்பாவின் பழைய டூட்டிப் பையை மாட்டினோம். கேஸ் அடுப்பின் குழாயை மூடும் திருகை, அம்மாவுக்கு மட்டும் தெரிந்த ஓர் இடத்துக்கு மாற்றினார் ஏழுமலை. கொல்லையில் வேலையாட்களுக்கென்று கட்டிய கழிப்பறையில் தென்னை மட்டை அடைந்து கிடந்தது; அதைக் கழுவி, பின்கதவிலிருந்து சிமெண்டுத் தடம் போட்டோம். என் அச்சிட்ட அட்டைகளைக் கிழித்துப்போட்டேன்.

அப்பா வந்து புதிய சுவிட்சின் முன்னால் நின்றார். உற்றுப் பார்த்தார். "இத யாரு இங்க வச்சது?" என்றார்.

"உங்களுக்காகத்தாம்பா. போட்டுப் பாருங்க."

போடவில்லை. சுவரில் பூச்சி உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போய்விட்டார். மறுநாள் காலை வழக்கம்போல பஸ் ஏறினார். நூர்ஜஹான் போன் செய்தார்: "வந்துட்டார்." திட்டவில்லை. அதுதான் வலித்தது. அன்று மாலை இல்லத்திலிருந்தும் போன் வந்தது. இன்னும் இரண்டொரு நாளில் சொல்லிவிடும்படி மரியாதையாகக் கேட்டார்கள். அம்மா என் முகத்தைப் பார்க்காமல் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். நாம் காட்டினால் அவருக்குத் தெரியவில்லை. அவரே பார்த்தாலும் தெரியவில்லை. எதையோ நினைத்துக்கொண்டு போகும்போது கை தானாகச் செய்தது. ஒரு மத்தியானம் எழுந்து நேராகப் பின்கதவைத் திறந்து, தடத்தில் நடந்து, கழிப்பறைக்குப் போய்விட்டு வந்தார். ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்தவரைப் பார்ப்பதுபோல் நானும் அம்மாவும் அவரைப் பார்த்தோம். "என்னா ரெண்டு பேரும் மொறைக்கிறீங்க?" என்றார். அடுத்த நாள் காலை ஆணியிலிருந்து பையை எடுத்தார். வாசல்வரை போனார். கொஞ்ச நேரம் நின்றார். திரும்பி வந்து பையை அதே ஆணியில் மாட்டிவிட்டு, "இன்னிக்கி ஆஃப்" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா உடனே டீ வைக்கப் போய்விட்டார், முகத்தை எங்களுக்குக் காட்டாமல்.

இதனால் நோய் குணமாகவில்லை. நான் வாங்கிவந்த பிஸ்கட்டை யார் வாங்கிவந்தது என்று தினமும் கேட்டார். என் பெயர் சில சமயம் வந்தது, சில சமயம் வரவில்லை. அதற்கெல்லாம் எந்தச் சுவிட்சும் இல்லை.

நான் கிளம்புவதற்கு முந்தைய நாள், விளக்கு வைக்கும் நேரம். அப்பா கட்டிலில் படுத்திருந்தார். அம்மா கொல்லையில் துணி எடுத்துக்கொண்டிருந்தார். என் போன் அடித்தது; இல்லத்துக்காரர். "மேடம், நாளைக்கு வேற ஒருத்தர் வர்றதா இருக்காங்க. உங்களுக்கு வேணுமா வேண்டாமான்னு..." என்று அவர் தொடங்கும்போது கரண்ட் போனது.

அப்பா எழுந்தார். நான் போனைக் காதில் வைத்தபடியே உறைந்து நின்றேன். இருட்டில் அவருடைய காலடி. கதவு நிலையை அடைந்தது. நிற்கவில்லை. அவர் கை சுவரில் உரசும் சத்தம்கூட இல்லை, தேடினால்தானே உரசும். டக்.

வெளிச்சம் வரவில்லை.

மறுபடியும் இரண்டு முறை டக், டக். நான் காத்திருந்தேன், 'யாரு வூடு இது' என்ற அந்தக் கேள்விக்காக.

"பிரேக்டவுன்" என்றார் அப்பா, இருட்டைப் பார்த்து. எரிச்சலும் இல்லை, பயமும் இல்லை. "லைன்ல எங்கியோ கோளாறு. ஆளுங்க பாத்துகினு இருப்பாங்க. வந்துடும்."

இந்த முறை அவர் வீட்டைச் சந்தேகப்படவில்லை. லைனைத்தான் சந்தேகப்பட்டார்.

"இல்லைங்க, வேண்டாங்க" என்று போனில் சொன்னேன். "அவங்களுக்கே குடுத்துடுங்க."

அப்பா கட்டிலுக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தார். போன் வெளிச்சத்தில் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, நின்றுகொண்டிருக்கும் விருந்தாளிக்குச் செய்வதுபோல், நகர்ந்து இடம் விட்டார்.

"கரண்டு வர்ற வரைக்கும் உக்காருங்க" என்றார். "நீங்க எந்த பிளாக்கு?"

நான் உட்கார்ந்து, எங்கள் பழைய பிளாக்கின் நம்பரைச் சொன்னேன்.

"அட" என்றார், இருட்டில் சிரிப்பது குரலிலேயே தெரிந்தது. "நம்ம பிளாக்கு."